நெல்லை வாரி வரச் சொன்னது யார்?

காலாண்டுத் தேர்வு விடுமுறை. எங்கள் வீட்டுக் கூடத்தில் நவராத்திரிக் கொலு வைத்திருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். ஏதேனும் ஒரு நூலையும் ஒரு செய்யுளையும் தாமே தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும்; ஏன் தேர்ந்தெடுத்தோம், என்ன அறிந்தோம் என்பதை நான்கு பக்கங்களில் எழுதிவந்து வகுப்பில் பேசவும் வேண்டும். இது தமிழாசிரியை கொடுத்திருந்த விடுமுறைப் பணி.

"எதைத் தாத்தா படிக்கிறது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அவனையே விடை காணச் செய்திருக்க வேண்டும். நானோ கணமும் யோசியாமல், "பெரியபுராணம். அதில் இளையான்குடி மாற நாயனார் சரித்திரம்" என்றேன். சிறு வயது முதல் கதாகாலட்சேபங்களில் கேட்டு என் நெஞ்சில் ஊறிய வரலாறு அது. செய்யுளையும் நானே தீர்மானித்தேன். அத்துடன் நின்றேனா என்றால், இல்லை. பேரன் இரண்டு நாள் நூலைப் புரட்டிவிட்டு, "புரியவில்லை தாத்தா" என்றதும், சரஸ்வதி பூஜைக்கு முந்தின இரவு நானே நான்கு பக்கங்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் அழகான கையெழுத்தில் படியெடுத்துக்கொண்டான். மறுநாள் அந்தக் கட்டுரையையும் மற்றப் புத்தகங்களோடு அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, பூஜையில் வைத்தோம்!

பள்ளி திறந்தது. மாலையில் பேரன் முகம் வாடி வந்தான். அவன் கட்டுரையைப் படித்த ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "விதைத்த நெல்லை வாரி வரச் சொன்னது யார்?" பேரனுக்குத் தெரியவில்லை, வகுப்பின் நடுவே பேசாமல் நின்றிருக்கிறான். ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "பத்து நாள் தருகிறேன். நீயே படித்து, நீயே எழுதி வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"நாயனாருக்கே தோன்றியதுதானே, இதில் என்ன கேள்வி?" என்றுதான் நானும் நினைத்தேன். ஆயினும் மனம் உறுத்தவே, அன்றிரவு பெரியபுராணத்தை உரையோடு எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

வாசக அன்பர்களுக்குத் தெரிந்த வரலாறுதான். இளையான்குடியில் வேளாண்மை செய்து வாழ்ந்த மாறனார், அடியார் யார் வந்தாலும் அமுது படைப்பவர். இறைவன் சோதனையால் செல்வமெல்லாம் கரைந்தது. ஒரு மழைக்கால இரவில், உண்ண ஏதுமின்றித் தாமே பசித்திருந்த வேளையில், அடியார் ஒருவர் வாசலில் வந்து நின்றார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அந்த நேரத்தில் கடன் கேட்கவும் இடமில்லை. "என் செய்வது?" என்று நாயனார் மனைவியாரைக் கேட்கிறார். பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் அமுது ஆக்கலாம் என்று வழி சொன்னவர் அந்த அம்மையார்தாம்! இருளில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாயனார் போய் வாரி வந்தார். சேறு போகக் கழுவி, வறுத்து, குத்தி அரிசியாக்கியவர் அந்த அம்மையார். விறகுக்குக் கூரை வரிச்சுகளை அறுத்துத் தந்தார் நாயனார். தோட்டத்தில் முளைத்திருந்த கீரைக் குருத்துகளையும் பறித்து வந்தார். அவற்றைக் கறியாகச் சமைத்தவரும் அம்மையாரே.

நான் எழுதிய நான்கு பக்கங்களில் அந்த அம்மையாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஐம்பது ஆண்டுகளாக இந்த வரலாற்றைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு முறையேனும் அவரைக் குறிப்பிட்டேனா என்று எண்ணிப் பார்த்தேன். நினைவில்லை. கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, சேக்கிழார் பெருமான் பாடியதை ஒரு நாளும் நானாகப் படித்ததில்லை. வங்கிப் பணியில் இருந்த காலமெல்லாம், "படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடாதே" என்று இளைய அலுவலர்களுக்குச் சொன்னவன் நான்.

உ.வே. சாமிநாதையர் வாழ்வில் 1880ஆம் ஆண்டு நடந்தது அப்போது நினைவுக்கு வந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுக் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை, சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதை ஐயர் மறைக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால் அவர் வாழ்க்கையின் திசையே மாறியது. சிவபக்தரான அவர், சமண நூலான சிந்தாமணியின் பொருள் விளங்கக் கும்பகோணத்துச் சமணர்களின் இல்லங்களைத் தேடிச் சென்று கேட்டறிந்தார். 1887இல் அந்நூல் அவருடைய பதிப்பாக வெளிவந்தது. எத்தனை நூல் படித்தோம் என்பது பெரிதல்ல; தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு படிப்பதே படிப்பு.

மறுநாள் பேரனை அழைத்தேன். "தப்பு என்னுடையதடா கண்ணா. அந்த அம்மாவை நான் விட்டுவிட்டேன்" என்று சொல்லி, நடந்ததை விளக்கினேன். பிறகு அலமாரியிலிருந்து ஐந்து நூல்களை எடுத்து ஊஞ்சற் பலகையில் பரப்பினேன். "ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் படி. எது உன்னை மூன்றாம் பக்கத்துக்கு இழுக்கிறதோ அதுவே உன் புத்தகம்" என்றேன். கடன் கேட்டு வருபவரிடம் முதலில் அவருடைய தேவையைக் கேட்க வேண்டும் என்பது வங்கியில் பாலபாடம். பேரனிடம் அதை மறந்திருந்தேன்.

செய்யுளுக்கு அவன் தேர்ந்தெடுத்தது அபிராமி அந்தாதி. பக்தியால் அன்று, ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவது, அவன் நண்பர்களோடு ஆடும் அந்தாக்ஷரியைப் போலிருந்ததாம். நூறாம் பாட்டின் முடிவு முதற் பாட்டின் தொடக்கத்தோடு வந்து சேர்வதைத் தானே கண்டுபிடித்து, "தாத்தா, மாலை மாதிரி வட்டமா இருக்கு!" என்று கூவினான். அதன் பிறகே, தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்ட பட்டரின் வரலாற்றையும், எழுபத்தொன்பதாம் பாட்டில் அன்னை தன் தாடங்கத்தை வீசி நிலவு காட்டிய திருக்கடையூர் ஐதிகத்தையும் சொன்னேன். வாய் மூடாமல் கேட்டான். நூலாக அவன் எடுத்தது மறுபடியும் பெரியபுராண வசனமே! "அந்த அம்மா என்னதான் சொன்னாங்கன்னு நானே பார்க்கணும்" என்றான்.

என் போன்ற தாத்தா பாட்டிகளுக்கு இந்த அனுபவத்தால் சில வார்த்தைகள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஔவையின் ஆத்திசூடியோடு குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களைக் கொடுங்கள். அவரும் என்னைப் போல் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. சற்று வளர்ந்தவர்களுக்கு மூதுரையின் முப்பது வெண்பாக்களும் நல்வழியின் நாற்பதும் ஏற்றவை. ஒரு பாட்டில் ஒரு கருத்து, மலைப்பு இராது. ஔவையின் ஆத்திசூடியையும் பாரதியாரின் புதிய ஆத்திசூடியையும் அருகருகே வைத்தால் பெரிய பிள்ளைகள் தாமே ஒப்பிட்டுப் பேசுவார்கள். எந்தச் செய்யுளையும் முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு பதம் பிரியுங்கள். பொருள் கடைசியில் வரட்டும். பக்கத்தில் உட்காருங்கள்; எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பேரனின் இரண்டாம் கட்டுரை மூன்று பக்கம்தான் வந்தது. எழுத்துப் பிழைகளும் இருந்தன. நான் திருத்தவில்லை. வகுப்பில் தடுமாறாமல் பேசினானாம்.

அடுத்து வந்த பிரதோஷத்தன்று அவனும் என்னோடு கோயிலுக்கு வந்தான். பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் இளையான்குடி மாறனார் முன் நின்றவன், இருபுறமும் பார்த்துவிட்டு, "அந்த அம்மா எங்கே தாத்தா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நாயனாரை வணங்கினோம். பிறகு, அவருக்கு வழி சொன்ன அம்மையாரை நினைத்து இன்னொரு முறை கை கூப்பினோம்.