பேஸ் கிற்றார் இல்லாத ஞாயிறு

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பேஸ் கிற்றார் மேடையில் இருந்தது. அதை வாசிக்கும் தம்பி வரவில்லை. தொலைபேசியில் அழைத்தோம், எடுக்கவில்லை. கீபோர்ட், கிற்றார், டிறம்ஸ் என்று மூவருமாகத் தொடங்கினோம்.

முதல் பாட்டிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. யாரும் பிழையாக வாசிக்கவில்லை. ஆனாலும் சபை பாடிய வேகம் ஒவ்வொரு சரணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டது. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அன்ரி ஒருவர் கேட்டார்: "இண்டைக்குப் பாட்டிலை என்ன குறைஞ்சது பிள்ளையள்? அடியிலை ஒண்டும் இல்லாத மாதிரி இருந்தது."

தம்பி ஏன் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். முந்திய ஞாயிறு ஒரு துதிப் பாடலுக்கு அவன் ஃபங்க் பாணியில் வாசித்திருந்தான். ஆராதனை முடிந்ததும் நம் சபையின் மூத்த அங்கிள் ஒருவர் எல்லோருக்கும் முன்னால், "தம்பி, இது சபையோ, கிளப்போ?" என்று கேட்டுவிட்டார். பத்தொன்பது வயதுப் பிள்ளை. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், "இனி நான் வாசிக்கேல்லை" என்று எங்களுக்கு ஒரு வரி அனுப்பினான்.

இந்தக் கதையை அந்த அங்கிளின் அனுமதியோடும் தம்பியின் அனுமதியோடும்தான் எழுதுகிறோம். நடந்தது எங்கள் நால்வருக்கும் பாடமாக இருந்தது. இசையில் ஆர்வமுள்ள நம் வாலிபருக்கும் அது உதவும் என்று நினைக்கிறோம்.

வானுக்குள் ஒரு வகுப்பு

மே மாத நீண்ட வார இறுதியில் டெட்ரோயிட் போவதென்று எப்போதோ திட்டமிட்டிருந்தோம். ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறினால் வின்ட்சர் வரை ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். ஆற்றைக் கடந்தால் டெட்ரோயிட். "வாசிக்காட்டிலும் பரவாயில்லை, பார்க்க வா" என்று தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம்.

டிறம்ஸ் வாசிக்கும் அண்ணை பல வருடமாக ஜாஸ் கேட்பவர். வழி முழுவதும் அவர் பாட்டுப் போட, மற்றவர்கள் கேள்வி கேட்டோம். பேஸ் கிற்றார் பற்றி அன்று நாங்கள் கதைத்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வழமையான பேஸ் கிற்றாரில் நான்கு தந்திகள். சாதாரண கிற்றாரின் அடிப்பக்கத்து நான்கு தந்திகளின் அதே சுரங்கள்தான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. மிகக் கீழ்த் தந்தி ஒரு செக்கனுக்கு 41 தடவை மட்டுமே அதிர்கிறது. 1951 வரைக்கும் இந்த வேலையைப் பெரும்பாலும் ஆள் உயரமுள்ள டபுள் பேஸ்தான் செய்தது. அந்த வருடம் கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் தொழிலிலிருந்து வந்த லியோ ஃபெண்டர், தோளில் மாட்டக்கூடிய மின்சார பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் கட்டைகள் பதித்திருந்ததால் விரல் வைத்த சுரம் பிசகாமல் வந்தது. அதனால்தான் அதற்கு 'பிரெசிஷன் பேஸ்' என்று பெயர்.

"பேஸ்காரன் டிறம்ஸுக்கும் கீபோர்ட்டுக்கும் நடுவிலை நிக்கிறவன்" என்றார் அண்ணை. "எப்ப அடி விழுது எண்டும் சொல்லவேணும், எந்தச் சுரத்திலை நிக்கிறம் எண்டும் சொல்லவேணும்."

ஜாஸில் பேஸ் நடக்கும். ஒரு அளவுக்கு நான்கு அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம். ஒரு கோர்ட்டிலிருந்து அடுத்த கோர்ட்டுக்குப் படியில் கால் வைப்பதுபோல ஏறி இறங்கும். மேலே சாக்ஸபோன் எவ்வளவு தூரம் பறந்தாலும் இறங்கி வர ஒரு தரை இருக்கும். ஃபங்க் வேறு. ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவினரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, அளவின் முதல் அடியை எல்லோரும் சேர்ந்து அழுத்தமாக வைக்கவேண்டும் என்பதைத்தான். அதன் பிறகு அவரவர் இடைவெளி விட்டு வாசிக்கலாம்.

"வாசிக்காத இடமும் வாசிப்புத்தான்" என்றார் அண்ணை. அதுவரை பேசாமல் இருந்த தம்பி அப்போதுதான் வாய் திறந்தான்: "அப்ப நான் அண்டைக்கு இடமே விடேல்லை, என்ன அண்ணை?" ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பெயர் இல்லாத மனிதர்

டெட்ரோயிட்டில் மேற்கு கிராண்ட் பூலவார்டில், 2648ஆம் இலக்கத்தில், ஒரு சாதாரண இரண்டு மாடி வீடு. 1959இல் பெரி கோர்டி என்பவர் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் வாங்கி ஆரம்பித்த மோட்டவுன் இசை நிறுவனம் இந்த வீட்டிலிருந்துதான் வளர்ந்தது. இப்போது அது அருங்காட்சியகம். ஒலிப்பதிவு அறை எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலை வகுப்பறை போலத்தான் இருக்கிறது. வயர்கள் அங்குமிங்கும் கிடந்ததால் வாத்தியக்காரர்கள் அதைப் பாம்புக்குழி என்று அழைத்தார்கள்.

அங்கே பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தென் கரோலினாவில் பிறந்து, 1954இல் டெட்ரோயிட்டுக்கு வந்தவர். பள்ளியில் டபுள் பேஸ் கற்றார். இரவில் ஜாஸ் வாசித்தார். மோட்டவுனில் மின்சார பேஸை வலதுகைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். தந்திகளை மாற்றுவதே அரிது. 1964இல் ஒலிப்பதிவான 'மை கேர்ள்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். குரலுக்கு முன்னால், கிற்றாருக்கும் முன்னால், முதலில் வருவது அவருடைய பேஸ். கொஞ்சச் சுரங்கள்தான். அது இல்லாமல் அந்தப் பாட்டை நினைக்க முடியாது.

ஆனால் அந்தக் காலத்து மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாத்தியக்காரரின் பெயர் போடுவதில்லை. உலகம் முழுவதும் அவருடைய பேஸைக் கேட்டது, அவர் யாரென்று தெரியாது. மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' இசைத்தட்டு 1971இல் வந்தபோதுதான் ஜேமர்சனின் பெயர் உறையில் அச்சானது. குடிப்பழக்கம் அவரை விடவில்லை. ஈரல் பாதிக்கப்பட்டு, 1983இல், 47ஆவது வயதில் இறந்தார். ரொக் அன்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் கௌரவம் 2000ஆம் ஆண்டில் வந்தது. அப்போது அவர் இல்லை.

தம்பி அந்த அறையின் தரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். எங்களுக்கும் மனம் கனத்தது. நாங்களே எங்கள் தம்பியிடம் "நல்லா வாசிச்சாய்" என்று கடைசியாக எப்போது சொன்னோம்? பாடுபவர்களைப் பாராட்டினோம். பின்னால் நின்றவன் ஒரு ஞாயிறு வராதபோதுதான் அவனைத் தேடினோம். சரீரத்தில் பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே மிகவும் அவசியமானவை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நாங்கள் எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்!

கிளப்பா, சபையா?

திரும்பி வரும் வழியில் சாதமில் கோப்பி குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் அங்கிளின் கேள்வியை எடுத்துப் பேசினோம். இந்த இசைக்கும் சபைக்கும் சம்பந்தம் இல்லையா?

இருக்கிறது. ப்ளூஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்த தோமஸ் டோர்சி, 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துக்கத்தில், கர்த்தர் தன் கையைப் பிடித்து நடத்தவேண்டும் என்று ஒரு பாடல் எழுதினார். அவருடைய இசையைக் கேளிக்கை இசை என்று சொல்லி ஏற்க மறுத்த சபைகள் இருந்தன. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்க ஆராதனையில் மஹாலியா ஜாக்சன் பாடியது அந்தப் பாடலைத்தான். சாக்ஸபோன் கலைஞர் ஜோன் கோல்ட்றேன் மெதடிஸ்த பாரம்பரியத்துப் போதகர் ஒருவரின் பேரன். 1964 டிசம்பரில் அவர் ஒலிப்பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டைக் கடவுளுக்குச் செலுத்தும் நன்றி என்றே குறிப்பிட்டார். அதில் ஜிம்மி கரிசன் பேஸில் திரும்பத் திரும்ப வாசிக்கும் நான்கு சுரங்கள்தான் முதல் பகுதியின் அத்திவாரம். கோல்ட்றேனின் நம்பிக்கைகள் எல்லாம் நம் விசுவாசத்தோடு ஒத்தவை அல்ல. ஆனால் அந்த நன்றி உண்மையானது.

தம்பி அன்று வாசித்த, பெருவிரலால் தந்தியை அடிக்கும் முறையும் ஒரு குடும்பத்திலிருந்துதான் வந்தது. லாரி கிரஹாம் தன் தாயோடு சேர்ந்து வாசித்த நாட்களில் அவர்களுக்கு டிறம்ஸ்காரர் இல்லாமற் போனது. அந்தக் குறையை நிரப்பப் பெருவிரலால் தந்தியை அடித்தார், மற்ற விரலால் சுண்டினார். வாசித்த இடங்கள் கிளப்புகள்தான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த முறை பிறந்தது இல்லாத ஒருவரின் வேலையையும் சேர்த்துச் செய்வதற்காக.

"அப்ப அங்கிள் சொன்னது பிழை" என்றான் தம்பி. நாங்களும் அப்படித்தான் தலையாட்டப் பார்த்தோம். எங்களில் தாதியாக வேலை செய்பவர் மட்டும், "பொறு, அவர் என்ன கேட்டவர் எண்டு யோசிச்சனியோ?" என்றார்.

அங்கிள் காதுக்கருவி போடுபவர். வயது போகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சத்தங்களை. ச, ப, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த உயர்ந்த சத்தங்கள்தான். தாழ்ந்த சத்தமோ அவருக்கு ஓரளவு நன்றாகவே கேட்கும். அதோடு, பெரிய தாழ்ந்த சத்தம் அதற்கு மேலுள்ள சத்தங்களை மூடிவிடும் தன்மையுடையது. ஆகவே பேஸ் கூடினால் இளம் காதுக்கு உற்சாகம். அங்கிளின் காதுக்கு வார்த்தைகள் மறைந்து ஒரு முழக்கம் மட்டும். சின்ன வயதிலிருந்து பாடி வந்த பாட்டின் வார்த்தை தன் சபையிலேயே கேட்காமல் போனால் மனிதருக்குக் கோபம் வராதா?

தம்பி கோப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "அவர் அப்பிடிச் சொல்லியிருக்கலாமே" என்றான். ஓம், சொல்லியிருக்கலாம். நாங்களும் கேட்டிருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகை

அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிளை ஒத்திகைக்கு அழைத்தோம். மூன்றாவது வரிசையில், தான் வழமையாக இருக்கும் இடத்தில் இருந்தார். வார்த்தை விளங்காத நேரமெல்லாம் கையை உயர்த்தச் சொன்னோம். முதல் பாட்டில் கை இறங்கவே இல்லை!

தரையில் இருந்த பேஸ் பெட்டியைக் கதிரை ஒன்றின்மேல் வைத்தோம்; முழக்கம் குறைந்தது. டிறம்ஸ் மெதுவானது. சரணம் பாடும்போது பேஸ் நீண்ட சுரங்களில் நிற்க, பாட்டில்லாத இடத்தில் தம்பி தன் ஃபங்க்கை வாசித்தான். கீர்த்தனைக்கு வந்தபோது கீபோர்ட் கோர்ட்டுகளைக் குறைத்தது. தம்பி தம்புரா போல ஸட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நின்றான். ராகம் தெளிவாகக் கேட்டது. அங்கிளின் கை மடியிலேயே இருந்தது. அவர் பாடிக்கொண்டிருந்தார்.

முடிந்தபின் அவர் ஒரு கதை சொன்னார். ஊரில் அவருடைய தகப்பனார் சபையில் ஆர்மோனியம் வாசித்தவராம். அப்போது ஒரு மூப்பர், "இது நாடகக் கொட்டகைச் சாமான், கோவிலுக்குள்ளை என்னத்துக்கு?" என்று கேட்டாராம். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "எல்லாருக்கும் முன்னாலை கேட்டது பிழை, தம்பி" என்றார். தம்பி, "சத்தம் கூடிப் போட்டுது அங்கிள்" என்றான்.

பெருவிரல் அடியை அங்கிள் இன்னும் விரும்பவில்லை. தம்பி இன்னும் விடவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆராதனையில் இருக்கிறார்கள். சங்கீதம் 150இல் தம்புரு, யாழ், கைத்தாளம் எல்லாம் ஒன்றாக வருகின்றன. ஒன்றை வைத்து ஒன்றை வெளியேற்றச் சொல்லவில்லை.

வாலிபத் தம்பி தங்கைகளே, இனி உங்கள் முறை. செப்ரெம்பரில் தம்பி பல்கலைக்கழகம் போகிறான். பேஸ் கிற்றார் மேடையில் இருக்கும். வாசிக்க ஆள் வேண்டும். ஆண் பிள்ளைகள்தான் என்று இல்லை. கற்க நினைப்பவர்கள் இந்த வாரம் உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை எடுத்து, குரலை விட்டுவிட்டு அடியில் போகும் பேஸை மட்டும் கடைசிவரை கேளுங்கள். அதுதான் முதல் பாடம். வரும்போது காதடைப்பானும் கொண்டு வாருங்கள்: 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் காது தாங்கும் என்றால், 94 டெசிபலில் ஒரு மணித்தியாலம்தான். உங்களுக்கும் எழுபது வயது வரும், அப்போதும் நீங்கள் பாட்டின் வார்த்தையைக் கேட்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை 6.30க்கு ஒத்திகை. தம்பியே சொல்லித் தருவான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பின்னால் நிற்கும் அவனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.