மூளைக்கும் பருவம் உண்டு

கதிர் முற்றியபின் வயலுக்கு நீர் பாய்ச்சினால் பயன் உண்டா? மூளையும் அப்படித்தான், மாணவர்களே!

1960ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் மெக்கான்ஸ், எல்சி விடோசன் என்னும் விஞ்ஞானிகள் ஒரு தாய் எலியிடம் 3 குஞ்சுகளையும், இன்னொன்றிடம் 15க்கு மேற்பட்ட குஞ்சுகளையும் பால் குடிக்க விட்டனர். 3 வாரங்களில் பால்குடி மறந்தபின் எல்லாவற்றுக்கும் வேண்டிய மட்டும் தீனி கிடைத்தது. ஆயினும், பால் குறைந்த குஞ்சுகள் கடைசிவரை சிறுத்தே இருந்தன. புதிய இடத்தைச் சுற்றிப் பார்க்கும் துடிப்பும் அவற்றுக்குக் குறைவு.

காரணம் என்ன? எலியின் மூளை அதிவேகமாக வளர்வது அந்த 3 வாரங்களில்தான்! நரம்பிழைகள்மீது மயலின் உறை படியத் தொடங்குவதும் அப்போதே.

மனிதனுக்கு அந்தப் பருவம் எது? கருவின் கடைசி மாதங்களிலிருந்து ஏறத்தாழ 2 வயது வரை. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் சத்துணவு முதலில் வேண்டும் என்பது இதனால்தான்.