கிட் காருக்கு எந்த பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் ஏற்றது? இரு முனையா, ஆறு முனையா?

உதிரிப்பாகங்களைத் தனித்தனியே வாங்கிச் சொந்தமாகப் பூட்டப்படும் 'கிட் கார்'களிலும், மாணவர்கள் உருவாக்கும் பந்தயக் கார்களிலும் பேட்டரி இணைப்பை ஒரே திருப்பில் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் உயிர்காக்கும் பாகமாகும். ஆனால், பேட்டரியை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை நிறுத்திவிடாது. சுவிட்சைத் தேர்வு செய்யும்போது பலரும் கவனிக்கத் தவறுவது இதுவே.

தமிழகத்திற்கு இத்தகைய கார்கள் புதியவை அல்ல. கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவரது பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயில், பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களுடன் மோதும் 'ஃபார்முலா பாரத்' போட்டி நடைபெறுகிறது. இவ்வகைப் போட்டிகளில் மாஸ்டர் சுவிட்ச் கட்டாயம்.

ஏன் தேவை?

கார் பேட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட் மட்டுமே என்றாலும், ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் பாயக்கூடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸ் இருப்பதில்லை. விபத்தில் அந்தக் கேபிள் நசுங்கி உலோகச் சட்டத்தைத் தொட்டால், அருகில் கசியும் பெட்ரோலுக்கு ஒரு பொறியே போதும்.

இரு முனையும் ஆறு முனையும்

சாதாரண சுவிட்சில் இரண்டு முனைகள் மட்டுமே இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதைத் திருப்பினால் பேட்டரி துண்டிக்கப்படும். ஆனால், ஆல்டர்நேட்டர் தொடர்ந்து மின்சாரம் தருவதால் இக்னிஷன் காயில் இயங்கும், எஞ்சினும் ஓடும். அத்துடன், மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் பேட்டரி விலகியதும், அது ஒரு கணம் பல பத்து வோல்ட் அளவுக்கு எகிறி, ஆல்டர்நேட்டரின் டயோடுகளையும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியையும் பழுதாக்கக்கூடும்.

ஆறு முனை சுவிட்ச் இரு சிக்கல்களையும் தீர்க்கிறது. இரண்டு பெரிய முனைகள் பேட்டரிக்கானவை. சிறிய முனைகளில் ஒரு ஜோடி இக்னிஷன் மின்சாரத்தைத் துண்டித்து எஞ்சினை நிறுத்தும். மற்றொரு ஜோடி, ஆல்டர்நேட்டரில் எஞ்சிய மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு அனுப்பும்.

மின்திறன் அளவு

சிறிய பெட்ரோல் எஞ்சினின் ஸ்டார்ட்டர் மோட்டார் பொதுவாக 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் அது மேலும் உயரும். எனவே, சுவிட்சின் மீதுள்ள இரு அளவுகளையும் பார்க்க வேண்டும்: ஒன்று, தொடர்ந்து தாங்கும் அளவு, மற்றொன்று, சில விநாடிகள் மட்டும் தாங்கும் அளவு. தொடர்ச்சியாக 100 ஆம்பியர், 5 விநாடிகளுக்கு 500 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட சுவிட்ச் சிறிய எஞ்சின்களுக்குப் போதுமானது. டீசல் எஞ்சின்களுக்கு இதைவிட அதிகத் திறன் தேவைப்படலாம்.

பேட்டரி முனையிலேயே பொருத்தப்படும் திருகு வகைத் துண்டிப்பான்கள், காரை நிறுத்தி வைக்கும்போது பேட்டரி இறங்காமல் காக்க உதவும். ஆனால், ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் அவை மாற்றாகா.

எங்கே பொருத்துவது?

இருக்கைப் பட்டை அணிந்த நிலையில் ஓட்டுநராலும், வெளியே நிற்கும் மீட்புப் பணியாளராலும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதிகளின்படி, வெளிப்புறத்தில் வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி இடம்பெற வேண்டும். சுவிட்ச் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ, அந்த அளவுக்குத் துண்டிக்க முடியாத கேபிளின் நீளம் குறையும்.

கொச்சியின் மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் நீண்ட மழைக்காலமும் செம்பு முனைகளில் பச்சைப் பூசணம் போன்ற படிவை உண்டாக்கும். இதனால் மின்தடை அதிகரித்து முனைகள் சூடேறும். ஈயம் பூசாத, வெள்ளீயப் பூச்சுள்ள முனைகளும், நீர் புகாத மூடியும் கொண்ட சுவிட்சே இங்கு ஏற்றது.

சோதனையும் சட்டமும்

பொருத்திய பின், எஞ்சின் ஓட, முகப்பு விளக்குகள் எரிய, சுவிட்சைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விளக்குகள் அணைந்து எஞ்சினும் உடனே நிற்க வேண்டும். எஞ்சின் தொடர்ந்து ஓடினால் இணைப்பு தவறு.

சுவிட்ச் சரியாக இருப்பதாலேயே காரைச் சாலையில் ஓட்டிவிட முடியாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எனவே, பதிவு பெறாத கிட் கார்களுக்கு உரிய இடம் பந்தயத் தடமே.