ஆசானுக்கு முன்பும் எல்.கே.ஜி.க்கு முன்பும்

நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்பாக, பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதி திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவாள். குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்ய, எல்லை தாண்டி, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை வந்து அங்கே இரண்டாவது இரவு. கம்பர் பூசித்த சரஸ்வதி இவள் என்பது ஐதிகம். பூசை எல்லாம் முடிந்து அதே வழியாகத் திரும்பிப் போவாள். அந்த வழி நெடுக உள்ள ஊர்களில், மூன்று வயதோ நான்கு வயதோ ஆன பிள்ளைக்கு விஜயதசமி அன்றுதான் முதல் எழுத்து.

தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் இருத்தி, பொன்மோதிரத்தால் நாக்கைத் தொட்டு எழுதி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் இழுப்பார். மலையாள வீட்டில் ஹரிஸ்ரீ. தமிழ் வீட்டில் ஓமோ அகரமோ. பிள்ளை பெரும்பாலும் அலறும். எழுத்தினிருத்து என்று இதற்குப் பெயர். கேரளத்தில் இப்போது தேவாலயங்களிலும் நூலகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும்கூட இதை நடத்துகிறார்கள். சடங்குக்குக் குறை ஒன்றும் வரவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் நடந்துகொண்டிருந்த காரியங்கள்தான் அடையாளம் தெரியாமல் போயிருக்கின்றன.

அன்று அரிசிக்கு அடுத்தது மணல். ஊருக்கு ஓர் ஆசான் இருப்பார். அவர் வீட்டுத் திண்ணையோ ஓலைக் கொட்டகையோதான் குடிப்பள்ளிக்கூடம். சிரட்டையில் மணல் கொண்டுபோய்த் தரையில் கொட்டிப் பரப்பி, அதில் விரலால் எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் கைக்கு வரும்வரை ஆசான் விரலைப் பிடித்து அழுத்துவார். நுனி காந்தும். மணல் எழுத்து தேறியபின்தான் ஓலை. ஆசானுக்குத் தட்சிணை நெல்லாகவும் தேங்காயாகவும் போகும். எழுத்து முழுக்க அவர் பொறுப்பு. வீட்டில் யாரும் பிள்ளையை உட்காரவைத்து அகரம் சொல்லிக்கொடுத்ததில்லை. பல வீடுகளில் அதைச் சொல்லிக்கொடுக்க எழுத்தறிந்தவர்களே கிடையாது.

அப்படியென்றால் வீடு என்ன தயார் செய்தது என்று கேட்கலாம். தயார் செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நிறையச் செய்தது. கொல்லாங்கொட்டை பொறுக்கி வந்து குவியல் குவியலாக எண்ணிப் போடுவது. புளியங்கொட்டையைப் பல்லாங்குழியில் பிரித்துப் போடுவது. கஞ்சிச் சட்டியைச் சிந்தாமல் திண்ணைக்குக் கொண்டுவருவது. பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை நகத்தால் உரிப்பது. இதைவிடக் கடினமான விரல் பயிற்சியை எந்த நர்சரியும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அண்ணனும் அக்காவும் சித்தப்பா பிள்ளைகளும் ஒரு முற்றத்தில் உருண்டதால், அம்மாவைக் காணாமல் அரை நாள் இருப்பது ஒரு பாடமாகவே யாருக்கும் தோன்றியதில்லை. இரவில் அம்மச்சியோ பாட்டாவோ சொல்லும் கதையை, தூங்கிவிழாமல் கடைசிவரை கேட்கிற பழக்கம் வேறு. ஆசான் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்த பிள்ளைக்கு, உட்காரவும் கேட்கவும் கையை அசைக்கவும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று ஒரு கேள்வி இருந்தது. பழையதை நினைத்து உருகுகிறவர்கள் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் திருவெழுத்து வெளியிட்டார். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியும், இதே பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட புலையர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட வாசல் மிதிக்க முடியவில்லை. வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று உழைப்பாளிகளை நிறுத்திவைத்தார். 1910-களில் ஊருட்டம்பலம் பள்ளிக்கு பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அவர் அழைத்துப்போனபோது கலவரம் வெடித்தது. பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அதில் கரிந்த பெஞ்சு ஒன்றை அங்கே இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கும் இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டியாகிவிட்டது. பிள்ளையைப் பள்ளிக்குத் தயார் செய்வது என்றால், அந்தக் குடும்பங்களுக்கு வயலில் கூலி இழந்து பட்டினி கிடப்பது என்று பொருள்.

அடுத்த தலைமுறைக்கு மணல் போய் சிலேட் வந்தது. கல்லுக்குச்சியால் எழுதி, அழிப்பதற்குக் கிணற்றடி ஈரத்தில் முளைத்த மசித்தண்டை ஒடித்துக்கொண்டு போனோம். நல்ல தண்டு வைத்திருப்பவனுக்கு வகுப்பில் செல்வாக்கு உண்டு. வயதுச் சோதனை சுலபம்: வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடவில்லையென்றால் அடுத்த வருஷம். பிறந்த தேதியைச் சார்தான் போடுவார். ஜூன் தொடக்கத்தில் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதால் மே மாதமாகப் பார்த்துப் போட்டுவிடுவார். எல்லைக்கு இரண்டு பக்கமும் அந்தத் தலைமுறையில் சான்றிதழ்படி மே மாதம் பிறந்தவர்கள் ஏராளம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்து, பிறகு ஊர் ஊராக அங்கன்வாடி வந்தது. அங்கே போகிற பிள்ளைக்கு வீட்டில் தனி ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், அக்காவின் கை.

மொழி விஷயம் எங்கள் ஊர்களுக்கே உரியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. அதுவரை எந்த எழுத்தில் படிப்பது என்பதை ஆசானும் அரசும் முடிவு செய்தார்கள். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையே பள்ளியில் மலையாளம் படித்தவர். தமிழைத் தனியாக சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். பின்னாளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அத்தனை பாட்டு எழுதியவர் அவர். இன்று கோடு தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலையாளம் கட்டாயம். அப்பா பாறசாலை, அம்மா விளவங்கோட்டுப் பக்கம் என்று அமைந்த வீடுகள் இங்கே சகஜம். அந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையை எந்தப் பக்கத்து வேனில் ஏற்றுவது என்பது மாமியார், மருமகள், மைத்துனர் எல்லாரும் கூடிப் பேசுகிற விஷயம். பேச்சின் முடிவில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து இங்கிலீஷ் மீடியத்தில் போய் நிற்கும்.

இன்றைய தயாரிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாம் ஒரு ஃபைலில். ரெண்டரை வயதில் ஏ பி சி டி முழுக்க, நூறு வரை எண்கள், நிறங்கள், பழங்கள், ரைம்ஸ் நாலைந்து. சொல்லிக்கொடுப்பது பாதி அம்மா, மீதி மொபைல். விருந்தாளி வந்தால் பிள்ளையை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வார்கள். ஒப்பிக்கும். சோறு மட்டும் ஊட்டிவிட வேண்டும், அதுவும் மொபைலைக் கையில் கொடுத்தால்தான். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தது மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. முற்றத்தில் வளர்ந்த தலைமுறைக்கு அந்த மூன்று மணி நேரம் காலைக் கஞ்சிக்கு முன்பே பாதி முடிந்திருக்கும். இப்போது முற்றத்தில் இன்டர்லாக் கல். கூட ஆட ஆளில்லை, வீட்டில் ஒற்றைப் பிள்ளை. 2020-இல் கொரோனாவால் அங்கன்வாடி அடைபட்டபோது கேரள அரசே விக்டர்ஸ் சானலில் ‘கிளிக்கொஞ்சல்’ என்று பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியது. அன்றைக்கு அதற்கு வேறு வழியில்லை. நோய் போனது, திரை போகவில்லை.

எழுத்துக்கு அவசரம் என்பது இன்றைய நோய். மூன்று வயதில் விரல்கள் பென்சிலைப் பிடித்துக் கோட்டுக்குள் எழுத இன்னும் பக்குவப்பட்டிருக்காது. ஆசானின் மணலில் அந்தச் சிக்கல் இல்லை; விரல்தான் எழுதுகோல். 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, பிள்ளைகளுக்கு முதலில் பென்சில் கொடுக்கவில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவவைத்தார். எங்கள் ஊர் ஆசான் கேள்விப்பட்டிருந்தால், இதற்கா கடல் தாண்டி வந்தாள் என்று கேட்டிருப்பார். மத்திய அரசு 2021-இல் ‘வித்யா பிரவேஷ்’ என்று ஒன்றாம் வகுப்புக்கு மூன்று மாத ஆயத்தப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. கதை கேட்பது, கூழாங்கல் எண்ணுவது, களிமண் உருட்டுவது, பாடி ஆடுவது. பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த முற்றத்தைத்தான் இப்போது அச்சடித்து, பயிற்சி வகுப்பு வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. முற்றம் இல்லாத பிள்ளைக்கு வேறு எங்கே கிடைக்கும்?

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது எழுத்தைவிடச் சின்னச் சின்ன வேலைகள். டிஃபன் பாக்ஸ் மூடியைப் பிள்ளையே திறக்கிறதா என்று பாருங்கள். கடையில் அழகாக இருக்கிற பெட்டியில் நான்கு பூட்டு இருக்கும். இருபது பிள்ளைக்கு ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் எத்தனை பூட்டைத் திறப்பார்கள்? பாட்டில் மூடி, செருப்பு, கால்சட்டையை இறக்கி ஏற்றுவது, கை கழுவுவது. பெல்ட்டும் கொக்கியும் உள்ள உடுப்பு வேண்டாம், இலாஸ்டிக் போதும். ஒண்ணுக்கு வருகிறது என்பதை டீச்சருக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் வழங்குகிற செல்லப்பெயரைச் சொல்லிவிட்டு, யாருக்கும் புரியாமல் நனைந்து நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கலாம். ஒரு மாதம் முன்பிருந்தே பெரியம்மா வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று விட்டுப் பழக்க வேண்டும். விட்டுப் போகும்போது, “அம்மா போய்ட்டு வாறேன் மக்களே, கஞ்சி குடிச்ச உடனே வந்திருவேன்” என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். கண்ணை மறைத்துவிட்டு ஓடினால், மறுநாள் பிள்ளை உங்கள் சேலையை விடாது.

உணவில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. அங்கன்வாடி என்றால் உப்புமா என்பது போய், கேரளத்தில் 2022 முதல் பாலும் முட்டையும் சேர்ந்தன. 2025-இல் ஓர் அங்கன்வாடிப் பிள்ளை உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்ட வீடியோ பரவி, அந்த ஜூனில் அரசு முட்டைப் பிரியாணியைப் பட்டியலில் சேர்த்தது. மூன்று வயதுக் குரலுக்கு அரசு காது கொடுத்த சம்பவம் வேறு எனக்கு ஞாபகம் இல்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2019-இல், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. இரண்டு பக்கமும் காசில்லாமல் கிடைக்கிற இந்த இடங்களை எட்டிப்பார்க்காமலே பலர் தனியார் வேனுக்கு முன்பணம் கட்டுகிறார்கள். ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வயதும் தள்ளிப் போகிறது. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து என்று இருந்ததை 2026-27 முதல் ஆறு ஆக்கப்போவதாகக் கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி 2025 மார்ச்சில் அறிவித்தார். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வும் தலைவரிப் பணமும் (கட்டாய நன்கொடை) தண்டனைக்குரியவை என்றும் அப்போது சொன்னார். இது புதிய விதியும் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகும் உங்கள் பிள்ளையை நிறுத்தி ஏ முதல் இஸட் வரை கேட்கிற அலுவலக அறையில், இந்தப் பிரிவின் எண்ணை நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.