எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி நீண்ட நாள் உழைக்கணுமா? சார்ஜ் போடும்போது இதைக் கவனிங்க!

வாங்கிய புதிதில் ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீட்டர் ஓடிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், இப்போது 80 கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறதா? பேட்டரிக்கு வயதாகிறது என்று அர்த்தம். வயதாவதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். வண்டியிலேயே விலை அதிகமான பாகம் பேட்டரிதான். அதை மாற்ற வேண்டி வந்தால் குடும்ப பட்ஜெட்டில் பெரிய துண்டு விழும்.

தினமும் முழு சார்ஜ் தேவையா?

முதலில் உங்கள் பேட்டரி எந்த வகை என்று பாருங்கள். ‘என்.எம்.சி.’ வகை என்றால் 100 சதவீதம் நிரப்பி அப்படியே நிறுத்தி வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம் போதும். மறுநாள் தூரப் பயணம் இருந்தால் மட்டும் முழுசாக ஏற்றுங்கள். ‘எல்.எஃப்.பி.’ வகை முழு சார்ஜை நன்றாகவே தாங்கும். மீதி சார்ஜைச் சரியாகக் காட்ட அவ்வப்போது முழுசாக ஏற்றுவது அதற்குத் தேவையும்கூட. எந்த வகை என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் ஷோரூமில் கேளுங்கள்.

சுத்தமாகத் தீரட்டுமா?

வேண்டாம். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். இன்றைய லித்தியம் பேட்டரிக்கு அது கெடுதல். 20 சதவீதத்துக்கு வரும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள். சில வாரங்கள் ஊருக்குப் போவதானால் பாதி சார்ஜில் விட்டுச் செல்லுங்கள்.

ஃபாஸ்ட் சார்ஜிங் ஆபத்தா?

அவசரத்துக்குக் கைகொடுக்கும், அதையே தினசரி வழக்கமாக்க வேண்டாம். வேகமாக ஏற்றும்போது பேட்டரி சூடாகும். உள்ளே போய் அமர வேண்டிய லித்தியம் மேலேயே படிந்துவிடவும் கூடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது. அந்த அளவுக்கு வண்டி ஓடும் தூரமும் குறையும். 80 சதவீதத்துக்கு மேல் ஏறும் வேகமும் மந்தமாகிவிடும். எனவே வழியில் சார்ஜ் போட்டால் 80-இல் கிளம்புவதே லாபம். வீட்டில் 3 யூனிட் பேட்டரி, 750 வாட் சார்ஜரில் நாலு, நாலரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். இரவு நேரம் தாராளம்.

வெயில்தான் முதல் எதிரி

கத்திரி வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜரைச் சொருகாதீர்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். நிறுத்துவதும் நிழலில் இருக்கட்டும்.

பாதுகாப்பும் முக்கியம்

* வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள்.

* எர்த் உள்ள பவர் பிளக்கில் நேரடியாகச் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

* கழற்றும் பேட்டரியைப் படுக்கையறையிலோ அடுப்பருகிலோ, வெளியேறும் வாசலிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

* மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை சர்வீஸ் சென்டரில் காட்டாமல் சார்ஜில் போடவே கூடாது.

* பேட்டரி உப்பியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அன்றே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். செலவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!