பாறையிலிருந்து பல்லுக்கு

பாறை, மண், நீர், காற்று ஆகியவற்றில் எந்தத் தனிமம் எங்கே தங்குகிறது, எதனால் இடம் மாறுகிறது என்று ஆராய்வது புவிவேதியியல். அந்த இடமாற்றம் மனித எலும்புவரை எட்டும் என்பதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் வேதனையான சான்று.

இவ்வட்டாரத்தின் அடிப்பாறைகள் கிரானைட்டும் நைஸும். அவற்றிலுள்ள அப்படைட், ஹார்ன்பிளெண்ட், கருநிற மைக்கா போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இயல்பாகவே உண்டு. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு பாறையைச் சிறுகச் சிறுக அரிக்கிறது; போகப்போகக் காரத்தன்மை அடைகிறது. கார நீரில் ஹைட்ராக்சில் அயனிகள் மிகுதி. ஹைட்ராக்சிலும் ஃபுளோரைடும் ஏறத்தாழ ஒரே பருமன், ஒரே மின்சுமை. ஆகவே மைக்காவின் படலங்களுக்குள் ஹைட்ராக்சில் நுழைய, அங்கிருந்த ஃபுளோரைடு நீருக்கு வந்துவிடுகிறது.

அது நீரிலேயே நிற்குமா என்பது கால்சியத்தைப் பொறுத்தது. போதிய கால்சியம் இருந்தால் இரண்டும் சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். வறண்ட நிலத்திலோ கால்சியம் முன்னதாகவே சுக்காங்கல்லாக இறுகி நீரைவிட்டு விலகிவிடுகிறது. ஃபுளோரைடு ஏறிக்கொண்டே போகிறது. பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தேங்கிய நீரை ஆழ்துளைக் கிணறுகள் இறைப்பதால் சிக்கல் மேலும் முற்றுகிறது.

பாறையில் நடந்த அதே மாற்றம் உடலுக்குள் தலைகீழாக நடக்கிறது. பல்லுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது ஹைட்ராக்சி அப்படைட் என்னும் கனிமம். குடிநீரோடு வரும் ஃபுளோரைடு அதிலுள்ள ஹைட்ராக்சிலை வெளியேற்றி அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது. சிறிதளவு ஃபுளோரைடு பல் சொத்தையைத் தடுக்கும். அளவு மிஞ்சினால், ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே எனாமல் கெட்டுவிடும். முளைக்கும் பல்லில் சுண்ணாம்பு நிறத் திட்டுகள் தெரியும். பின்னர் அவை பழுப்பேறும். எவ்வளவு விளக்கினாலும் அந்தக் கறை போகாது. பல ஆண்டுகள் குடித்தவர்களின் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி, குனிவதும் நிமிர்வதும் பெரும்பாடாகிவிடும். முற்றிய பாதிப்பை மீட்க மருந்தில்லை.

பற்கறைக்கும் ஃபுளோரைடுக்கும் உள்ள தொடர்பை 1931இல் அமெரிக்க வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில் கண்டறிந்தார். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் எலும்புப் பாதிப்பு 1937இல் பதிவானது. இன்றைய இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் மட்டும் 1.5 வரை அனுமதி.

கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவிடும் நல்கொண்டா முறை, நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கியது. செலவு குறைவு, ஆனால் அன்றாடம் கவனம் தேவை. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்து மூலக் காரணத்தையே தவிர்க்கிறது. வழிகளில் இதுவே சிறந்தது.

ஃபுளோரைடு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள், வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் முக்கியமாக, அதை ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.