தட்டின் வரியும் எண்ணின் நிரலும்

ஒலியை அளந்தறிந்த மரபு நம்முடையது. எழுத்துகளின் பிறப்பைக் கூறத் தனி இயல் வகுத்த தொல்காப்பியர், கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதுமே மாத்திரையின் அளவு என்றார். வள்ளுவரோ கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும், ஒலித்து மறைந்த ஓசையைப் பிடித்து வைக்கும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை மாந்தர்க்கு வாய்க்கவில்லை. 1877இல் எடிசன் உருளையில் குரலைப் பதித்தார். 1887இல் எமில் பெர்லினர் வட்டத்தட்டிற்கு வழிகண்டார். அத்தட்டின் வழித்தோன்றலே வினைல் இசைத்தட்டு. இன்று அதனை மீண்டும் விரும்புவோர் பெருகியுள்ளனர். அமெரிக்காவில் 2022இல் இசைத்தட்டுகள் குறுந்தகடுகளை விட அதிக எண்ணிக்கையில் விற்றன. ஆகவே, வீட்டில் இசை கேட்போர்க்கு இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வினா எழுகின்றது. அதனை இங்குக் காண்போம்.

தட்டு வந்த வழி

1902இல் கல்கத்தாவில் கெளஹர் ஜான் பாடிய பாடல்கள் இந்திய ஒலிப்பதிவின் தொடக்கக் காலத்தவை. 1908இல் அந்நகரிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை எழுந்தது. அரக்குக் கலந்த அக்காலத் தட்டுகள் நிமிடத்திற்கு 78 முறை சுழன்றன. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடல் அடங்கிற்று. ஒரு மணி நேரம் இராகத்தை விரித்துப் பாட வல்லவரும் அம்மூன்று நிமிடத்திற்குள் தம் கலையைச் சுருக்க வேண்டியதாயிற்று. 1948இல் 33⅓ சுற்று நெடுந்தட்டு வந்தபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் இசை நிறைந்தது.

நம் திருவண்ணாமலை போன்ற ஊர்களில் திருவிழாவாயினும் கந்தூரியாயினும் திருமணமாயினும், இத்தட்டுகளே குழாய் ஒலிபெருக்கி வழியே தெருவெங்கும் பாடின. 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரல் நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளாலேயே. நாகூர் இ.எம்.ஹனீபா அவர்களின் கம்பீரக் குரலைச் சமயம் கடந்து வீடுதோறும் சேர்த்ததிலும் இசைத்தட்டிற்குப் பெரும்பங்குண்டு.

இரு முறைகளின் இயல்பு

தட்டின் வரிப்பள்ளம் ஒலியலையின் வடிவையே தாங்கியிருப்பது. முள் அப்பள்ளத்தில் ஓடி அதிர்கின்றது. அவ்வதிர்வு காந்தத்தாலும் கம்பிச் சுருளாலும் நுண்ணிய மின்னோட்டமாகின்றது. தாழ்ந்த ஓசை பள்ளத்தை மிக அகலமாக்கும். ஆதலின், பதிக்கும்போது அதனைக் குறைத்து, உயர்ந்த ஓசையை மிகுத்து வெட்டுவர். கேட்கும்போது அதற்கெனவுள்ள பெருக்கி அதனை நேர்செய்யும். அப்பெருக்கி இன்றி இணைத்தால், எத்துணை உயர்ந்த தட்டும் மெலிந்தே ஒலிக்கும். மேலும், நெடுந்தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. ஓடும் பள்ளம், உள்வரிகளில் 21 செ.மீ. அளவே ஓடுகின்றது. இறுதிப் பாடலில் தெளிவு குன்றுவது இதனாலேயே.

டிஜிட்டல் எனப்படும் எண்முறையோ ஒலியலையை அளந்து எண்களாக எழுதுவது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு ஒரு நொடியில் 44,100 முறை அலையை அளக்கின்றது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகின்றது. அன்று ஒரு கைந்நொடி ஒரு மாத்திரை. இன்று ஒரு நொடியே பல்லாயிரம் கூறு. அளவுகளுக்கு இடையே உள்ள ஒலி தொலைந்துவிடாதோ எனப் பலர் ஐயுறுவர். அவ்வையம் பொருந்தாது. ஓர் ஓசையின் அதிர்வெண்ணைப்போல் இருமடங்கிற்கு மேல் அளந்தால், அவ்வலையை முழுமையாக மீட்கலாம் என்பது நிறுவப்பட்ட தேற்றம். மனிதச் செவி கேட்கும் எல்லை 20,000 அதிர்வு. குறுந்தகடு 22,000 வரை தாங்கும். மெல்லோசைக்கும் பேரோசைக்கும் இடைப்பட்ட வீச்சும் நெடுந்தட்டில் 70 டெசிபெல் அளவினது. குறுந்தகட்டில் 96 டெசிபெல்.

அங்ஙனமாயின் தட்டே இனிமை என்போர் பொய்யுரைக்கின்றனரோ? அன்று. தட்டும் முள்ளும் சேர்க்கும் சிறு திரிபு சில செவிகட்கு இதமாகின்றது. 1990களுக்குப் பின் வந்த பல குறுந்தகடுகளில் எல்லா ஓசையையும் ஒருசேர உரக்க ஒலிக்கச் செய்தமையால் ஏற்ற இறக்கம் மாய்ந்தது. அப்பாடலின் பழைய தட்டு அதனினும் நன்றாக இருத்தல் இயல்பே. நொடிக்கு 1,411 கிலோபிட் உள்ள ஒலியை 128 ஆகச் சுருக்கிய கோப்பைக் கேட்டு எண்முறையையே பழிப்பதும் முறையன்று. குறை சுருக்கத்தில் உள்ளதேயன்றி எண்முறையில் இல்லை.

நாம் செய்யத்தக்கது

துல்லியத்தில் எண்முறை முந்துவது தெளிவு. ஆனால், தட்டினை எறிந்துவிடலாம் என்பது இதன் முடிவன்று. எண்முறைப் படி ஒன்றிற்கு மூலம் அத்தட்டே. மறுபதிப்புப் பெறாத நாடகப் பாடலோ இசுலாமியப் பாடலோ, பரணில் கிடக்கும் ஒரு தட்டிலன்றி வேறெங்கும் இல்லாதிருக்கலாம். அது பழைய பொருளோடு விலைபோனால் அக்குரல் மீளாது. ஏட்டுச்சுவடிகளைத் தீக்கும் ஆற்றுப்பெருக்கிற்கும் இட்டுப் பின்னர் வருந்திய வரலாறு நம்முன் உள்ளது.

ஆதலால் தட்டுகளைக் கிடத்தி அடுக்காது நிமிர்த்தி வைத்தல் வேண்டும்; நம் ஊர்க் கோடையில் வெயில்படும் சுவரருகே வைத்தால் வளைந்துவிடும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது. நெடுந்தட்டின் முள் அதற்கு ஆகாது. தேய்ந்த முள் தட்டையே அரிக்கும். படியெடுப்போர் சுருக்காத கோப்பாக எடுத்து, இரண்டு இடங்களில் காத்து, பாடியவர் பெயரையும் தட்டின் எண்ணையும் உடன் எழுதி வைத்தல் நலம். வீட்டுப் பெரியோர் தம் தட்டுகளைக் காட்ட, மாணவர் அவற்றைப் பட்டியலிட்டுப் படியெடுப்பின், தமிழுக்கு அது சிறந்ததொரு பதிப்புப்பணியாகும்.